பட்டையும் கிழங்கும்

பதினெண்கீழ்க்கணக்கு என்னும் நூல் தொகுதியுள் மருந்தின் பெயரால் வழங்கும் நூல்கள் மூன்று உள. அவை திரிகடுகம், சிறுபஞ்சமூலம், ஏலாதி என்பன. சுக்கு, மிளகு, திப்பிலி என்னும் மூன்றும் உடல்நோயைப் போக்குதல் போல, ஒவ்வொரு பாட்டிலும் கூறப்படும் மூன்று கருத்துகளும் உள்ளத்தின் நோயைப் போக்கும் என்பதே திரிகடுகம் என்னும் பெயரின் பொருளாகும். அறநூலுக்கு மருந்தின் பெயரைச் சூட்டும் அளவிற்கு, வேரும் பட்டையும் கிழங்கும் விதையும் தமிழரின் நம்பிக்கையைப் பெற்றிருந்தன. தமிழர்க்கு மட்டும் உரிய இயல்பன்று இது. மலையிலும் காட்டிலும் கடற்கரையிலும் வாழ்ந்த மக்கள் அனைவரும், தம்மைச் சூழ்ந்த செடிகொடிகளிலேயே முதன்முதல் மருந்தைத் தேடினர்.

இந்நம்பிக்கை இக்காலத்தில் புதியதொரு வினாவை எதிர்கொண்டுள்ளது. வந்த நோயைத் தணிக்கும் மூலிகை, இனி வரக்கூடிய நோயைத் தடுக்கவும் வல்லதோ? அதிலும், பெருங்குடலில் தோன்றும் புற்றுநோய் போன்ற கொடிய நோயை வருமுன் காக்கும் ஆற்றல் ஒரு மரத்தின் பட்டைக்கோ ஒரு கிழங்கின் சாற்றுக்கோ உண்டோ? இவ்வினாவிற்கு விடை காண அறிஞர் பலர் பல்லாண்டு உழைத்துள்ளனர். அவ்வுழைப்பின் வரலாற்றில் ஒரு பட்டையும் ஒரு கிழங்கும் தனியிடம் பெறுகின்றன. பட்டை, ஐரோப்பாவின் ஆற்றங்கரைகளில் வளரும் வில்லோ மரத்தினது. நம் நாட்டில் ஆற்றுப்பாலை என வழங்கும் மரமும் அவ்வினத்தைச் சார்ந்ததே. கிழங்கு, நம் இல்லந்தோறும் உள்ள மஞ்சள். இவ்விரண்டும் சோதனைக்களத்தில் நின்ற கதையை அறியுமுன், நோயின் இயல்பை அறிதல் வேண்டும்.

பெருங்குடல் ஏறத்தாழ ஐந்தடி நீளமுடையது. சிறுகுடலில் செரித்த உணவின் எச்சம் இதனுள் வந்து, நீர் உறிஞ்சப்பெற்று, மலமாகத் திரண்டு, மலக்குடல் வழியே வெளியேறுகிறது. இதன் உட்பரப்பு ஓயாது தேய்ந்து, ஓயாது புதுப்பிக்கப்படுவது. பழைய உயிரணுக்கள் சில நாட்களில் உதிர, அவ்விடத்தைப் புதியன நிரப்புகின்றன. இங்ஙனம் இடையறாது அணுக்கள் பெருகும் இடத்தில் பிழை நேரின், அளவு கடந்து வளரும் சிறு முளை ஒன்று தோன்றுதல் கூடும். அதனை மருத்துவர் பாலிப் என்பர். இம்முளைகளிற் பெரும்பாலன தீங்கு செய்வதில்லை. சில மட்டும் காலப்போக்கில் புற்றாக மாறுகின்றன.

இம்மாற்றம் ஓரிரவில் நிகழ்வதன்று. சிறு முளை புற்றாவதற்குப் பெரும்பாலும் பத்தாண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். அந்நீண்ட காலத்தில் உடையவனுக்கு வலியும் இல்லை. நோயுண்டு என்னும் எண்ணமும் இல்லை. இந்நோயின் கொடுமை இதுவே. இதனை வெல்லுதற்குரிய வாய்ப்பும் இதுவே. 2022 ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 19 இலட்சம் மக்கள் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்க்கு ஆளாயினர். 9 இலட்சத்திற்கு மேற்பட்டோர் அதனால் உயிர் நீத்தனர். உயிர் கவரும் புற்றுநோய்களுள் இஃது இரண்டாம் இடத்தில் நிற்கிறது. முளை தோன்றுதற்கும் புற்றாக முற்றுதற்கும் இடையே உள்ள அப்பத்தாண்டுக் காலத்தில், அதன் வளர்ச்சியைத் தடுக்கும் பொருள் ஒன்று கிடைக்குமாயின் எண்ணற்ற உயிர்கள் பிழைக்கும். அறிஞர் மூலிகைகளை நாடியது இவ்வெண்ணத்தினாலேயே ஆகும்.

ஈண்டு ஒரு வேறுபாட்டை மனங்கொள்ளுதல் வேண்டும். தீர்க்கும் மருந்து வேறு. காக்கும் மருந்து வேறு. சீன நாட்டு மரம் ஒன்றினின்றும் காம்ப்டோதெசின் என்னும் பொருளை மன்ரோ வால், மன்சுக் வாணி என்னும் அறிஞர் இருவர் பிரித்தெடுத்து 1966 இல் உலகிற்கு அறிவித்தனர். இவருள் வாணி இந்தியாவிற் பிறந்தவர். அப்பொருளின் வழித்தோன்றலான மருந்தொன்று, 1996 இல் அமெரிக்க நாட்டில் பெருங்குடற் புற்றுநோய்க்குரிய மருந்தாக இசைவு பெற்றது. ஆயின் அது கடும் வயிற்றுப்போக்கையும் குருதியின் வெள்ளணுக் குறைவையும் விளைக்க வல்லது. உயிருக்குப் போராடும் நோயாளி அத்துன்பத்தைப் பொறுப்பான். நோயில்லாத ஒருவனுக்கு அதனை நாடோறும் கொடுத்தல் இயலுமோ? காக்கும் மருந்து நலமுடையார் பல்லாண்டு உண்ணத்தக்கது. ஆதலின், அது பயன் தருவது மட்டும் போதாது. தீங்கு செய்யாமையும் வேண்டும்.

காக்கும் மருந்து யார்க்கு மிகுதியும் தேவை என்பதை ஓர் ஏழைப் பெண்ணின் சொல் உணர்த்திற்று. 1895 ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு மிச்சிகன் மாநிலத்தில், ஆல்டிரெட் வார்த்தின் என்னும் மருத்துவ அறிஞரிடம் தையல் தொழில் செய்துவந்த பெண்ணொருத்தி தன் துயரைக் கூறினாள். தான் இளமையிலேயே புற்றுநோயால் இறக்கப்போவது உறுதி என்றும், தன் குடும்பத்தார் பலர் அவ்வாறே மாண்டனர் என்றும் அவள் சொன்னாள். அப்பொழுது அவளிடத்து நோய்க்குறி ஏதும் இல்லை. ஆயினும் அவள் அஞ்சியவாறே பின்னாளில் புற்றுநோய் அவளைக் கொண்டுபோயிற்று. வார்த்தின் அவள் சொல்லை வீண் அச்சமென்று தள்ளிவிடவில்லை. அக்குடும்பத்தின் கால்வழியை ஆராய்ந்து, தலைமுறை தலைமுறையாக அந்நோய் தொடர்வதைக் கண்டு, 1913 இல் தம் முடிவை வெளியிட்டார். 1960 களில் ஹென்றி லிஞ்ச் என்னும் மருத்துவர் இத்தகைய வேறு குடும்பங்களைக் கண்டு விரிவாக ஆராய்ந்தார். இப்பரம்பரை நிலை இன்று அவர் பெயராலேயே லிஞ்ச் நோய்த்தொகை எனப்படுகிறது.

இதன் காரணத்தை ஏட்டுச்சுவடி கொண்டு விளக்கலாம். பண்டை நூல்கள் ஓலையிற் படியெடுக்கப்பட்டே வழிவழி வந்தன. படியெடுப்போர் எத்துணைக் கருத்துடையராயினும் சிற்சில பிழைகள் நேரும். பிழை திருத்துவோன் ஒருவன் மூலத்தோடு ஒத்துப்பார்த்து அவற்றைக் களைவான். அவன் இல்லையாயின், ஒவ்வொரு படியிலும் பிழை பெருகி ஏடே கெடும். நம் உயிரணுக்களும் பிரியுந்தோறும் மரபணு என்னும் சுவடியைப் படியெடுக்கின்றன. அப்பிழைகளைத் திருத்தும் அமைப்பு பிறவியிலேயே பழுதுபட்டவரே லிஞ்ச் குடும்பத்தார். ஓயாது புதுப்பிக்கப்படும் பெருங்குடலில் இப்பழுதின் விளைவு மிகுதியாகத் தோன்றுகிறது.

இக்குடும்பத்தார்க்குத் துணையாக வந்தது, முற்கூறிய ஆற்றங்கரை மரத்தின் வழித்தோன்றிய ஒரு மருந்தாகும். அது வந்த வழி நெடியது. இங்கிலாந்தில் சிப்பிங் நார்ட்டன் என்னும் ஊரில் எட்வர்டு ஸ்டோன் என்னும் கிறித்தவச் சமயகுரு வாழ்ந்தார். அவர் ஒருநாள் வில்லோ மரத்தின் பட்டையைச் சுவைத்துப் பார்த்தார். அதன் கடுங்கசப்பு, குளிர்காய்ச்சலுக்குக் கொடுக்கப்பட்ட சின்கோனாப் பட்டையின் கசப்பை நினைவூட்டியது. மேலும், குளிர்காய்ச்சல் மிகுந்த ஈரநிலத்திலேயே இம்மரமும் வளர்கிறது. நோய் தோன்றும் இடத்திலேயே மருந்தும் தோன்றும் என அக்காலத்தார் நம்பினர். இந்நம்பிக்கைக்கு வலுவான அடிப்படை இல்லை. ஆயினும் ஸ்டோன் நம்பிக்கையோடு நின்றுவிடவில்லை. பட்டையைச் சேர்த்து, அப்பம் சுடும் அடுப்பின் புறத்தே பையிலிட்டு மூன்று திங்களுக்கு மேல் உலர்த்தி, பொடியாக்கி, முதலில் மிகச் சிறிய அளவாகக் கொடுத்துப் பார்த்தார். தீங்கு இல்லை எனக் கண்டபின்னரே அளவைக் கூட்டினார்.

ஏறத்தாழ 50 நோயாளர்க்கு மருந்தளித்துக் கண்ட பயனை அவர் 1763 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் இராயல் சொசைட்டி என்னும் அறிஞர் கழகத்திற்கு எழுதினார். நெடுநாள் கடுமையாக வருந்திய சிலர்க்குப் பட்டை முழுப்பயன் தரவில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. பயன் கண்ட இடத்தைச் சொல்லுதல் எளிது. பயன் காணாத இடத்தையும் சேர்த்துச் சொல்லுதலே அறிவுடைமை.

பின்வந்தோர் பட்டையினின்றும் அதன் சாரத்தைப் பிரிக்க முயன்றனர். 1828 இல் செருமானிய அறிஞர் யோகான் பூக்னர் கசப்புடைய பொருளொன்றைப் பிரித்துச் சாலிசின் எனப் பெயரிட்டார். அதன் வழியே சாலிசிலிக அமிலம் கிடைத்தது. அது காய்ச்சலையும் வலியையும் தணித்தது. எனினும் வயிற்றைப் புண்படுத்திற்று. 1897 இல் பேயர் என்னும் நிறுவனத்தின் வேதியியலார் பெலிக்ஸ் ஹாப்மன் அதனைச் சிறிது மாற்றி, தூய வடிவில் புதிய மருந்தொன்றை ஆக்கினார். அதுவே 1899 முதல் ஆஸ்பிரின் என்னும் பெயரால் உலகெங்கும் பரவிற்று. மாத்திரையில் இருப்பது பட்டையன்று. பட்டை காட்டிய வழியிற் சென்று மனிதன் ஆக்கிய பொருள். இவ்வேற்றுமையை மறவாதிருத்தல் நன்று.

ஆஸ்பிரின் எங்ஙனம் செயற்படுகிறது என்பது முக்கால் நூற்றாண்டு வரை விளங்காதிருந்தது. உடலில் வீக்கத்தையும் வலியையும் தூண்டும் புராஸ்டாகிளாண்டின் என்னும் பொருள்கள் உண்டாவதை ஆஸ்பிரின் தடுக்கிறது என்று 1971 இல் ஜான் வேன் கண்டறிந்தார். இத்துறையில் உழைத்த வேறிருவரோடு அவர் 1982 இல் நோபெல் பரிசு பெற்றார். பெருங்குடலின் முளைகளிலும் இப்பொருள்களுள் ஒன்று மிகுந்து காணப்படுவதைப் பிறர் கண்டனர். 1988 இல் ஆத்திரேலிய நாட்டு மெல்போர்னில் கேப்ரியல் கூன் என்பவரும் அவர்தம் குழுவினரும் பெருங்குடற் புற்றுநோயாளர் பலரையும், நோயற்றார் பலரையும் வினவி ஒப்பிட்டனர். ஆஸ்பிரின் உட்கொண்டு வந்தவரிடையே நோய் குறைந்திருந்தது.

இதனால் ஆஸ்பிரின் நோயைத் தடுத்தது என்று முடிவு செய்துவிடலாமோ? கூடாது. ஆஸ்பிரின் உண்டவர்கள் வேறு பழக்கங்களாலும் நலமுற்றிருக்கலாம். உழவன் புதிய எருவொன்றின் பயனை அறிய விரும்பினால் என்ன செய்வான்? ஒரே நிலத்தை இரு பாத்தியாகப் பிரித்து, ஒரே விதையை விதைத்து, ஒரே நீரைப் பாய்ச்சி, ஒன்றிற்கு மட்டும் அவ்வெருவை இடுவான். விளைச்சல் வேறுபட்டால் அஃது எருவினாலாயது என்பது தெளிவாகும். மருத்துவச் சோதனையும் இத்தகையதே. மக்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு மருந்தும் மற்றவர்க்கு அதே தோற்றமுள்ள போலி மாத்திரையும் தருவர். யார் எதனை உண்கிறார் என்பது உண்பவர்க்கும் தெரியாது, கொடுப்பவர்க்கும் தெரியாது. விருப்பமும் வெறுப்பும் முடிவைக் கெடுக்காதிருத்தற்கே இவ்வேற்பாடு.

இங்கிலாந்தின் நியூகாசில் நகரைச் சார்ந்த ஜான் பர்ன் என்னும் அறிஞர் பல நாட்டு மருத்துவரோடு கூடி இத்தகைய சோதனையை நடத்தினார். 1999 முதல் லிஞ்ச் பரம்பரையினர் 861 பேர் இதிற் சேர்ந்தனர். 427 பேர்க்கு நாடோறும் 600 மில்லிகிராம் ஆஸ்பிரினும், 434 பேர்க்குப் போலி மாத்திரையும் சராசரி இரண்டாண்டுக் காலம் அளிக்கப்பட்டன. 2008 இல் வெளிவந்த முதல் முடிவு ஏமாற்றம் அளித்தது. இரு பிரிவினர்க்கும் வேறுபாடு காணப்படவில்லை. பலர் அத்துடன் முயற்சியைக் கைவிட்டிருப்பர். ஆனால் முளை புற்றாகப் பல்லாண்டு ஆகும் என்பதை அறிந்த ஆய்வாளர், சேர்ந்தோரைத் தொடர்ந்து கண்காணித்தனர். 2011 இல் வேறுபாடு தோன்றியது. 2020 இல் பத்தாண்டுக் கணக்கு வெளிவந்தபொழுது, ஆஸ்பிரின் உண்ட 427 பேருள் 40 பேர்க்கும், போலி மாத்திரை உண்ட 434 பேருள் 58 பேர்க்கும் பெருங்குடற் புற்றுநோய் வந்திருந்தது. அதாவது, நூற்றுக்குப் பதின்மூன்றாக இருந்த நோய் ஒன்பதாகக் குறைந்தது. 1895 இல் ஒரு பெண் கூறிய சொல்லுக்கும் இம்முடிவிற்கும் இடையே நூற்று இருபத்தைந்து ஆண்டுகள் கடந்திருந்தன.

இவ்வெற்றியைக் கேட்ட ஒருவர், நலமுடையார் எல்லாரும் நாடோறும் ஆஸ்பிரின் உண்க என்று கூறிவிடுதல் எளிது. ஆனால் அதுவும் சோதிக்கப்பட்டது. ஆத்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் நலமுடைய முதியோர் 19,114 பேர், பெரும்பாலும் 70 வயது நிரம்பியோர், ஒரு பெருஞ்சோதனையிற் கலந்துகொண்டனர். 2018 இல் வெளிவந்த அதன் முடிவு வியப்பளித்தது. நாடோறும் 100 மில்லிகிராம் ஆஸ்பிரின் உண்டவரிடையே குருதிப்போக்கு மிகுந்திருந்தது. புற்றுநோயால் இறந்தோர் தொகையும் குறையவில்லை, சிறிது கூடியே இருந்தது. 2016 இல் நடுவயதினர் சிலர்க்குப் பெருங்குடற் புற்றைத் தடுக்கும் பயனையும் கருதி ஆஸ்பிரினைப் பரிந்துரைத்த அமெரிக்க வல்லுநர் குழு, அதற்குச் சான்று போதாது என 2022 இல் தன் கூற்றைத் திருத்திக்கொண்டது. மருந்து ஒன்றே, ஆயின் பழுதான மரபணுவோடு பிறந்தவர்க்கு அது காவல், நலமுடைய முதியவர்க்கு அது தீங்காகவும் கூடும். யார்க்கு, எவ்வளவு, எத்துணைக் காலம் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை காணாமல் ஒரு பொருளை நல்லது என்றோ தீயது என்றோ கூறுதல் பொருந்தாது.

இனி, கிழங்கின் கதையைக் காண்போம். மஞ்சள் நமக்கு உணவு, பூச்சு, மங்கலப் பொருள். அதன் நிறத்திற்குக் காரணமான குர்க்குமின் என்னும் பொருள் 1815 இல் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் வேதியியல் அமைப்பு 1910 இல் தெளிவாயிற்று. கண்ணாடிக் குழாயில் வளர்க்கப்பட்ட புற்றணுக்களின் மீது குர்க்குமினை இட்டபொழுது அவற்றின் பெருக்கம் தடைப்பட்டது. எலிகளிடத்தும் நற்பயன் காணப்பட்டது. ஆனால் மனிதன் அதனை உண்ணும்பொழுது குருதியிற் கலப்பது மிகச் சிறிதே. மற்ற உறுப்புகளுக்கு இஃது ஒரு குறையாயினும், பெருங்குடலுக்குக் குறையாகாது என்று அறிஞர் கருதினர். குருதியிற் கலவாத குர்க்குமின் குடல் வழியே செல்லும்பொழுது அதன் உட்பரப்பை நேரே தீண்டும் அன்றோ! மஞ்சளைச் சோதித்தற்குப் பெருங்குடலே ஏற்ற களமாயிற்று.

லிஞ்ச் நிலையன்றி வேறொரு பரம்பரை நோயும் உண்டு. அதனை உடையார்க்கு இளமையிலேயே பெருங்குடலில் நூற்றுக்கணக்கான முளைகள் தோன்றும். மார்சியா குருஸ் கொரியா என்னும் மருத்துவ அறிஞரும் அவர் குழுவினரும், இந்நோயுடைய ஐவர்க்குக் குர்க்குமினையும், வெங்காயத்தில் உள்ள குவர்செட்டின் என்னும் பொருளையும் ஆறு திங்கள் கொடுத்தனர். முளைகளின் எண்ணிக்கை பாதிக்கு மேல் குறைந்தது என 2006 இல் அறிவித்தனர். 2011 இல் வேறு குழுவினர், புகைபிடிப்போர் சிலர்க்கு நாடோறும் 4 கிராம் குர்க்குமினை முப்பது நாள் கொடுத்தனர். முளைக்கும் முந்திய மிகச் சிறிய மாற்றங்கள் நூற்றுக்கு நாற்பது அளவில் குறைந்தன. நம்பிக்கை ஓங்கிற்று.

ஆனால் ஐவர் என்பது மிகச் சிறிய தொகை. ஒப்பிட்டுப் பார்க்கப் போலி மாத்திரை உண்ட பிரிவும் அங்கில்லை. இக்குறையை அந்த அறிஞரே உணர்ந்திருந்தார். ஆதலின் அவரே தம் குழுவினரோடு முறையான சோதனையை மீண்டும் நடத்தினார். அந்நோயுடைய 44 பேர் இதிற் சேர்ந்தனர். ஒரு பிரிவினர் நாடோறும் 3 கிராம் குர்க்குமினையும், மற்றொரு பிரிவினர் போலி மாத்திரையையும் பன்னிரு திங்கள் உண்டனர். 2018 இல் முடிவு வெளிவந்தது. முளைகளின் எண்ணிக்கையிலும் அளவிலும் இரு பிரிவினர்க்கும் வேறுபாடு இல்லை. முன்பு நம்பிக்கை ஊட்டியவரே, அந்நம்பிக்கை நிலைபெறவில்லை என்பதையும் ஒளியாது உலகிற்கு உரைத்தார். ஸ்டோன் எழுதிய மடலின் நேர்மையை இங்கும் காண்கிறோம்.

இம்முடிவால் மஞ்சளின் பெருமை குன்றிவிட்டதோ எனச் சிலர் வருந்தலாம். வருந்த வேண்டுவதில்லை. குழம்பிற்கு நிறமும் மணமும் தரும் மஞ்சள் என்றும் நன்றே. பெருங்குடற் புற்றைத் தடுக்கும் மருந்து என்னும் பட்டம் மட்டும் அதற்கு இன்னும் உரித்தாகவில்லை. ஒரு சோதனையோடு ஆராய்ச்சி முடிந்துவிடுவதும் இல்லை. ஆயினும் மெய்ப்பிக்கப்படும் வரை அப்பட்டத்தைச் சூட்டுதல் தகாது. ஒரு கணக்கையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும். நூறு கிராம் மஞ்சளில் குர்க்குமின் ஏறத்தாழ 3 கிராமே உளது. சோதனையில் ஒரு நாளைக்கு உண்ட அளவைப் பெற நூறு கிராம் மஞ்சள் வேண்டும். சமையலில் இடும் சிட்டிகை எங்கே? நூறு கிராம் எங்கே? உணவு தந்த பாதுகாப்பைச் செறிந்த சாறும் தரும் என்று கருதுதலும் பிழை. 2019 இல் இத்தாலி நாட்டில், மஞ்சட்சாறு அடங்கிய மாத்திரைகளை உண்ட சிலர்க்கு ஈரல் அழற்சி நேர்ந்தது. இயற்கையிற் கிடைப்பது என்பதனாலேயே ஒரு பொருள் தீங்கற்றதாகிவிடாது. எட்டிக்காயும் இயற்கை தந்ததே.

மெய்ப்பிக்கப்படாத மருந்தால் விளையும் பெருந்தீங்கு மற்றொன்று உண்டு. அது கால இழப்பு. மலத்தில் குருதி காணப்படும் ஒருவன், யாரோ சொன்ன சூரணத்தை நம்பி ஆறு திங்கள் காத்திருப்பானாயின், எளிதில் அகற்றத்தக்க நோய் அகற்றவியலாததாக முற்றிவிடும். பொருள் இழப்பை ஈடு செய்யலாம். கால இழப்பை ஈடு செய்தல் அரிது. புற்றுநோயைத் தீர்க்கும் அல்லது தடுக்கும் என மருந்தை விளம்பரம் செய்வதனை நம் நாட்டில் 1954 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் தடை செய்துள்ளது. சட்டம் ஒருபுறம் இருக்க, மக்களின் தெளிந்த அறிவே உறுதியான காவலாகும்.

அங்ஙனமாயின், இந்நோயைத் தடுக்க எளிய மக்கள் செய்யத்தக்கது யாது? திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் உளது. அதன்கண் மூலிகை எதன் பெயரும் இல்லை. அளவறிந்து உண்ணுதலே பெரிதும் வற்புறுத்தப்படுகிறது. இக்கால ஆராய்ச்சியும் அவ்வழியே செல்கிறது. உகாண்டா நாட்டில் பணிபுரிந்த டெனிஸ் பர்க்கிட் என்னும் அறுவை மருத்துவர், நார்ப்பொருள் மிகுந்த உணவை உண்ட ஆப்பிரிக்க ஊர்ப்புற மக்களிடையே பெருங்குடற் புற்றுநோய் அரிதாக இருந்ததைக் கண்டு 1971 இல் எழுதினார். தீட்டாத தானியம், பருப்பு, கீரை, காய், கனி ஆகியவற்றை மிகுத்தலும், உப்பும் புகையும் இட்டுப் பதப்படுத்திய இறைச்சியைக் குறைத்தலும், உடலுழைப்பும், பருமன் மிகாமையும், புகையும் மதுவும் நீக்குதலும் இந்நோயின் வாய்ப்பைக் குறைக்கும். குடும்பத்தில் பலர்க்கு இந்நோய் வந்திருந்தால், அச்செய்தியை மறைக்காது மருத்துவரிடம் கூறுதல் வேண்டும். மலத்தில் குருதி, நெடுநாள் நீங்காத மலச்சிக்கல் அல்லது கழிச்சல், காரணமில்லா மெலிவு, சோகை ஆகியவை தோன்றின் நாணாமல் மருத்துவரை நாடுதல் வேண்டும். மலத்தில் மறைந்துள்ள குருதியைக் காணும் சோதனையும், குடலுள் செலுத்திப் பார்க்கும் கருவியும் இன்று உள்ளன. அக்கருவியாலேயே முளையைக் கண்டவுடன் அகற்றிவிடலாம். முளை அகன்றால் புற்றிற்கு இடமில்லை.

பட்டையும் கிழங்கும் ஒரே உரைகல்லில் உரைக்கப்பட்டன. பட்டையின் வழிவந்த மருந்து, சிலர்க்கு மட்டும், விலையொன்றைக் கேட்டு, பயன் தருவதாயிற்று. கிழங்கின் சாறு இன்னும் அம்மாற்றுக்கு ஏறவில்லை. முன்னோர் கூற்றை அறவே தள்ளியவர்க்கு முதல் உண்மை கிட்டியிராது. முன்னோர் கூற்றே முடிந்த முடிபு எனக் கொண்டவர்க்கு இரண்டாம் உண்மை கிட்டியிராது. பொன்னை உரைத்துப் பார்ப்பது பொன்னை இகழ்வதாகாது. மாற்றறிந்து போற்றுவதே ஆகும். மூலிகைகளுக்கும் நாம் செய்யத்தக்க மதிப்பு அதுவே. இன்னும் சோதிக்கப்படாத வேரும் இலையும் நம் காடுகளிலும் வயல்வரப்புகளிலும் எத்துணையோ உள. அவற்றை அன்போடு அணுகி, ஐயத்தோடு ஆராய்ந்து, கண்டதைக் கண்டவாறே உரைக்கும் கடமை வளரும் இளைஞர்களுக்கு உரியதாகும்.